மூன்று படியும் நான்கு பேரும்

என்னைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் கடைசியில் அது வேண்டியதுதான். எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் அடுக்குமாடிக்கு லிப்ட் கிடையாது. செம்பனைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தபோது எனக்குத் தரைத்தளம் விழுந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனக்கு நாலாம் மாடிக் காற்று வேண்டும். அந்த மாடி விழுந்தவர் எங்கள் பழைய மண்டோர், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி. அவர் பின்னாலேயே அலைந்து, வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். "காத்து பிச்சிக்கிட்டு வருது தம்பி, நான் ஏன் மாத்தணும்?" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பிறகு சர்க்கரை வந்து என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனது. தோட்டத்து லோரியில் முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த கால். அன்று மண்டோர் தலையாட்டியிருந்தால் இன்று நான் நாலாம் மாடியில் காற்று மட்டும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

தரைத்தளம் என்றாலும் வாசலில் மூன்று படி இருந்தது. மண்டோர், எதிர்வீட்டு மலாய்க்காரர், இரண்டாம் மாடி அண்ணன் தம்பி இருவர், ஆக நான்கு பேர் சக்கர நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்குவார்கள். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் நான் வீட்டுக்குள். முச்சந்திக் கடையில் ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடிக்க முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். குடித்த பிறகும் நிம்மதி இல்லை, திரும்பத் தூக்குகிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் போய்த் தே குடித்துவிட்டு வரவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

சரிவுப்பாதை கேட்டு, வீடு கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். ஒருவர் வந்து படியை அளந்தார். அளவு சரியாக இருந்திருக்கும் போலிருக்கிறது, அதன்பிறகு வரவில்லை. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கடைசியில் மண்டோர், "நாமளே போட்டுக்கலாம் லா, அவங்க வேணாங்கவா போறாங்க?" என்றார். அலுவலகமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிமெண்டும் மணலும் வந்தன. மண்டோருக்குத் தெரிந்த சரிவு ஒன்றே ஒன்று, எண்ணெய்க்கான செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிப்போய் மேடையில் கொட்டுகிற சரிவு. அதே அளவில் நாலே அடி நீளத்துக்குக் கோடு போட்டார். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும் என்று கிளினிக் தாதி என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கள் படிகளின் உயரம் பதினெட்டு அங்குலம். பதினெட்டு அடி போட்டால் மண்டோரின் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் போய் இடிக்கும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு எதற்கோ வந்தது. "இதவிட மேட்டுலல்லாம் நான் லோரியவே ரிவர்ஸ் எடுத்திருக்கேன்" என்றேன்.

"லோரிக்கு பிரேக் இருந்துச்சு" என்றாள் என் மனைவி.

சிமெண்ட் காய்ந்ததும் திறப்பு விழா. புது வண்டிக்குச் செய்வதுபோல நாற்காலிக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது எதிர்வீட்டுப் பாண்டான் செடி. அதற்குள் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு கால்தான் போச்சுன்னு பாத்தா" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

மண்டோர் விடவில்லை. "சரிவு சரியாத்தான் இருக்கு, ஓட்டத் தெரியல" என்றார்.

"அப்ப நீங்க ஏறுங்கண்ணே" என்று சொல்லி, செடியிலிருந்து என்னைத் தூக்கிப் படியில் உட்கார வைக்கச் சொன்னேன்.

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை மடித்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினார். பாதி தூரம் ஏறியது, நின்றது, மெதுவாகப் பின்னால் வந்தது. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை மல்லாந்தவரை நான்கு பேரில் மிச்சமிருந்த மூன்று பேர் பிடித்தார்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எத்தன அடி வேணும்?" என்று கேட்டார்.

தாதியின் கணக்கைச் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"உங்க மோட்டார் எடம் போயிரும்ண்ணே."

கொஞ்ச நேரம் மோட்டாரைப் பார்த்தார். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார்.

அடுத்த வாரம் பதினெட்டு அடியில் புதுச் சரிவு படுத்துக்கொண்டது. அது காய்ந்த பின் ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். கடையில் தே தாரிக் சொன்னேன். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதால் இன்னொன்றும் சொன்னேன், சீனி இல்லாமல். முதலாவதைப் பற்றி மனைவிக்குத் தெரியவேண்டாம்.

திரும்பி வந்து சரிவில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் ஆள் வரும் சத்தம். மண்டோர். படி பக்கத்திலேயே இருக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் சரிவில் மெல்ல ஏறி வந்தார். வீட்டுக்குப் போக அவருக்கு இன்னும் நாலு மாடி இருந்தது.

"தம்பி, அன்னிக்கு வீடு மாத்திக்கலாம்னு கேட்டியே."

"கேட்டேண்ணே."

"இப்பவும் அந்த எண்ணம் இருக்கா?"

"காத்து பிச்சிக்கிட்டு வருதுன்னீங்களே" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாதியை நானே ஏறினேன்.