லாகின் திரையில் அம்மன்

சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வைரஸ் தொல்லை தாங்காமல், ஆர்டர் ஏற்றும் ஆபீஸ் மிஷினில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். ஒழுங்காகத்தான் ஓடியது. லாகின் திரையில் அதோடு வந்த பாதச் சின்னம்தான் முதலாளி அண்ணாச்சிக்கு ஆகவில்லை.

“தொறந்ததும் யாரு காலுலே இது? சீசன் மொத ஆர்டர் ஏத்தப்போற மிஷினு. அம்மன் படத்தப் போடு.”

காலண்டருக்குப் போட்ட அம்மன் படத்தையே டிசைனர் கொடுத்தான். லாகின் திரைக்குப் பின்னணியாக அதை வைத்துவிட்டு லாக் அவுட் செய்தேன். மஞ்சள் பூசிய முகம் நீலமாக வந்தது. சிவப்புச் சேலை பச்சை நீலம். கூந்தல் முழுக்க வெள்ளை.

“ஏலே, ஆத்தா முகத்த என்னலே பண்ண?”

“ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. அதுவா வருது.”

“அதுவா வருதா? அப்ப நீ எதுக்குலே இங்கன இருக்க? மொத ஆர்டர் குடுக்க அச்சங்குளம் பார்ட்டி வந்துக்கிட்டு இருக்காக. அவுக வர்றதுக்குள்ள ஆத்தா தெளியலன்னா, பழைய சிஸ்டத்தப் போட்டுட்டு நீ கிளம்பிரு.”

லாகின் செய்து, படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்தேன். சேலை சிவப்பு. வெளியே வந்தால் மறுபடி நீல முகம். மானிட்டர் கேபிளை மாற்றினேன். திரையின் தீம் அமைப்பை மாற்றினேன். பெயர் கேட்கும் பெட்டி சரியான நிறத்தில் இருக்கிறது, அதற்குப் பின்னால் அம்மன் மட்டும் பேய் மாதிரி நிற்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டிசைனரிடம் கத்தினேன். “என்ன எழவுப் படம்டா குடுத்த?”

“காலண்டர் அடிச்ச அதே ஃபைல்தாண்ணே. அந்தா தொங்குது பாருங்க.”

சுவரில் சிவப்பாகத்தான் தொங்கியது.

படம் ரொம்பப் பெரிசாக இருக்கிறதோ என்று ஜிம்ப்பில் சுருக்கி, வேறு பெயரில் சேமித்து, அதை வைத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. முதல் ஆர்டருக்கென்று வைத்திருந்த தேங்காயை அண்ணாச்சி வாசலில் ஓங்கி உடைத்தார். நான் லாக் அவுட் செய்தேன். சிவப்புச் சேலையில் அம்மன் வந்தாள்.

உள்ளே வந்த அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தீகளா? காய் ஒடைச்சதும் தெளிஞ்சுட்டா. இவன் காலையிலருந்து கேபிளப் புடுங்கிக்கிட்டு இருக்கான்.”

பார்ட்டிக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சு மைக்கு ஏற்றபடி நாலு கலரில் சேமித்த படம் அது, லாகின் திரைக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஜிம்ப் அதைத் திரைக் கலருக்குத் தானாக மாற்றிச் சேமித்துவிடும் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டது. அம்மன் தெளிந்தது தேங்காயால் இல்லை என்று அடித்துச் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

“நின்னுக்கிட்டே இருக்க? ஆர்டர ஏத்துலே” என்றார் அண்ணாச்சி.

உட்கார்ந்து ஏற்றினேன். கையில் ஒரு தேங்காய்ச் சில்லு கொடுத்தார்கள். அதையும் தின்றேன்.