மஞ்சள் மிதவைகள்

ஓரின் ஆலி குணமாகிவிட்டாராம். பெட்ரோல் போடும் கடையில் வேலை பார்க்கும் லோரா சொன்னாள். அவளுக்கு அவள் மச்சான் சொன்னானாம்.

"பழைய ஆளா ஆயிட்டாரு. படகுல ஒரே பாட்டு, சிரிப்பு!"

எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. அமெரிக்காவின் இந்த மேய்ன் மாநிலக் கடற்கரையில் அவருக்குப் பக்கத்து வீட்டில்தான் நெடுநாளாக இருக்கிறேன். அந்தப் பழைய ஆளை எனக்குத் தெரியும்.

அவருக்கு இருமுனைக் கோளாறு. சில வாரம் தூக்கமே இல்லாமல் உச்சியில் பறப்பார். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். லித்தியம் மாத்திரையும், அதன் அளவு சரிதானா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையும்தான் இத்தனை வருடம் அவரைத் தரையில் நிறுத்தியிருந்தன. ஆனால் அந்த மாத்திரையால் கை நடுங்கியது. பிடித்த சிங்கி இறால் கடிக்காமல் இருக்க அதன் கொடுக்கில் ரப்பர் வளையம் மாட்ட முடியவில்லை. படகுத்துறையே கேலி செய்தது. மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றிப் பார்த்திருப்பார். ஓரின் சொல்லவில்லை, பனி உருகியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மனைவி மார்லீனிடம் கையை நீட்டிக் காட்டினார். "பாரு கண்ணு, பாறை மாதிரி நிக்குது."

"கை நிக்குது. நீ ஒரு இடத்துல நிக்கறியா?"

இங்கே கடலடியில் கிடக்கும் இறால் கூண்டோடு கயிற்றில் கட்டிய மிதவையின் நிறம்தான் கடலில் ஒருவனுடைய பெயர். அப்பா விட்டுப்போன வெள்ளை-பச்சையை ஓரின் பளீர் மஞ்சளாக அடித்து, யாரிடமும் சொல்லாமல் கூண்டுகளை இறக்கினார். வேற்றூர்க்காரன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து மற்றவர்கள் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். கூண்டுகள் அடியோடு போயின. முதலில் அறுத்தவன் அவருடைய உயிர் நண்பன் வெர்லின்.

"உன்னோடதுன்னு தெரிஞ்சா கை வெப்பனாடா? எந்த மடையன்டா அப்பன் நிறத்தை மாத்துவான்?" என்று வந்து அழுதான்.

ஓரின் விழுந்து விழுந்து சிரித்தார். சில நாளில் அந்தச் சிரிப்பு அடங்கியது. அவர் வீட்டுத் திரைச்சீலைகள் பகலிலும் மூடியே கிடந்தன.

மார்லீன் கெஞ்சிக் கெஞ்சி, வியாழக்கிழமை மருத்துவரிடம் வரச் சம்மதிக்க வைத்தாள். "நடுக்கத்தைப் பத்தி நானே சொல்றேன்" என்று ஓரின் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வண்டி ஓட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வியாழன் காலையில் போனேன். கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"படகு கட்டின இடத்துல இல்ல."

"கூண்டைத் தேடப் போயிருப்பாரு."

"கயிறே இல்லாம எதைத் தேடுவாரு?"

துறையில் மூடுபனி. வெர்லின் அதற்குள் அவரைத் தேடத் தன் படகைக் கிளப்பியிருந்தான். மார்லீன் மறுபடியும் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"எடு, ஓரின். எடு கண்ணு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.