ஜெயிலிலிருந்து வந்த தாய்மாமன்

எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாமாக்களில் பாதிப்பேர் வேலூர் ஜெயிலிலிருந்து வந்தவர்கள். சொந்தமெல்லாம் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற அப்பா, சனிக்கிழமையானால் சபைக்காரர்களோடு ஜெயிலுக்குப் போய்ப் பாட்டுப் பாடி, ஜெபம் செய்துவிட்டு வருவார். அதோடு வந்தால் பரவாயில்லை. விடுதலையான அன்றைக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் ஜெயில் வாசலில் நிற்கிறவர்களைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். ஒரு ராத்திரி படுக்க இடம், வயிற்றுக்குச் சோறு, மறுநாள் ஊருக்கு பஸ். எங்களுக்கு ஒரே உத்தரவு: "மாமான்னு கூப்புடுங்க."

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய பேஜார். "தான் போக வழியக் காணோமாம் மூஞ்சூறு, வெளக்குமாத்தத் தூக்கிக்கினு போச்சாம்" என்று பாத்திரங்களிடம் சொல்வாள். பதில் சொல்லாதவை அவைதானே.

அப்பா அசரமாட்டார். "காவல்ல இருந்தவனப் போய்ப் பாத்தியான்னு கடைசி நாள்ல ஆண்டவர் கேப்பாரு."

"பெரியவளக் கட்டிக் குடுத்தியான்னும் கேப்பாரு. அப்போ இன்னா சொல்லுவீங்க?"

பெரியவள் என்றால் அக்கா. அவளுக்கு நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பாவின் செல்போனில் இருந்த பையனின் போட்டோவை அவள் யாருக்கும் தெரியாமல் பார்த்துப் பார்த்தே சார்ஜ் தீர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. முந்தின நாள் அப்பா கிளம்பும்போதே அம்மா வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்: "இந்த ஒரு வாரம் யாரையும் இட்டாராதீங்க." அப்பா நன்றாகத் தலையாட்டினார். விளக்கு வைப்பதற்குள் ஒருவரோடு வந்து நின்றார்.

வந்தவரிடம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தாள மாடியிலயே இருக்கச் சொல்லுங்க. கீழ தல காட்டக்கூடாது" என்று அப்பாவிடம் சொன்னதோடு சரி.

மறுநாள் பிரியாணிக்குத் தம் போட்டாள். எங்கள் பக்கத்தில் பெண் பிடித்திருந்தால்தான் பையன் வீட்டார் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது. ஆக, அக்காவின் கல்யாணமே அந்த அண்டாவுக்குள் வெந்துகொண்டிருந்தது.

அவர்கள் வந்தார்கள். பையன் அக்காவைப் பார்த்த பார்வையிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. நாற்காலி பற்றவில்லை என்று அப்பா, பழக்கதோஷத்தில், மாடியிலிருந்தவரைக் கூப்பிட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா கேட்டார்: "எல்லாம் சரி, பொண்ணோட தாய்மாமன் எங்க? அவரு வாயால ஒரு வார்த்த வராம நாங்க எப்படிக் கை நனைக்கிறது?"

எங்கள் சொந்தத் தாய்மாமன், "ஜெயில்காரன் துன்ன தட்டுல நான் துன்னணுமா?" என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர். அப்புறம் வாசற்படி மிதிக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? அம்மா வாசலைப் பார்த்தாள். இரண்டு கையிலும் நாற்காலியோடு ஜெயில் மாமா வந்துகொண்டிருந்தார்.

"தோ வர்றாரே. இவருதான் எங்க அண்ணன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னால் நாக்கில் மிளகாயைத் தேய்ப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள், ஆராதனைக்குக் கட்டின புடவையைக்கூட மாற்றாமல் இப்படிச் சொல்கிறாள்! அப்பா தரையைப் பார்த்தார்.

"வாங்க, உக்காருங்க. பொண்ணக் குடுக்க உங்களுக்குச் சம்மதந்தானே?" என்றார் பையனின் அப்பா.

ஒரு தலையாட்டல் போதும். அவர் நாற்காலிகளைக் கீழே வைத்தார். உட்காரவில்லை.

"மன்னிச்சிக்குங்க ஐயா. அந்தம்மா ஏதோ அவசரத்துல சொல்லிட்டாங்க. நான் நேத்துதான் வேலூர் ஜெயில்லருந்து வந்தேன். இது நாளைக்கி வேற யாரு மூலமாவோ தெரிஞ்சா, பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு. தங்கமான பொண்ணுங்க."

"யோசிச்சிச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு அர்த்தம் எனக்கே தெரியும். பையன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சும்மா தலய ஆட்டிட்டு இருந்தா இன்னா மாமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு, "வர்றேங்க ஐயா" என்றார்.

அம்மா முதலில் அப்பாவைப் பிடித்தாள். "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கினீங்களே!" அடுத்தது அவர்தான் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தையாவது வாங்கட்டும்.

"எங்க கெளம்பிட்ட? கையக் கழுவிக்கினு வாண்ணா" என்றாள்.

அவர் அசையவில்லை.

"உன்னத்தாண்ணா. பெரிய அரிச்சந்திரன் கணக்கா உண்மையப் பேசிட்டு, வெறும் வயித்தோட போவியா?"

திட்டிக்கொண்டே பரிமாறினாள். மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த நல்லி எலும்பும் அவர் தட்டுக்குப் போயிற்று. அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "சாப்புடுண்ணா" என்று மறுபடியும் சொன்னாள். நம்பவைக்க இனிமேல் வீட்டில் ஒருத்தரும் மிச்சமில்லை. அப்புறமும் எதற்கு அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.