பொறந்த ஊட்டுக் கேள்வி

முன்பின் பார்க்காத பொம்பளைகிட்டப் போயி, "மாருல கட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேக்கறதுதான் எண்பதுகள்ல எனக்குச் சோறு போட்ட உத்தியோகம். நீங்களும் கையில விவரம் எழுதற கார்டோட ஊடு ஊடா ஏறி எறங்கினவங்கன்னா, என் பாடு உங்களுக்குச் சொல்லாமயே புரியும்.

பதில் சொல்ல ஒரு ஆள்

சேலத்து ஆஸ்பத்திரியில இருந்து நாமகிரிப்பேட்டைப் பக்கம் எனக்கு ஒதுக்கின ஊருக. கட்டியைப் பத்திக் கேக்கறது போக, கார்டுல எழுதற கேள்வி நாலு: வயசு, எத்தனை கொழந்தை, பால் கொடுத்தீங்களா, குடும்பத்துல யாருக்காச்சும் மாருல புத்துநோவு வந்துச்சா. கடைசிக்கு ஆமான்னா ஆஸ்பத்திரி டாக்டரம்மா உடனே பார்ப்பாங்க. இல்லைன்னா அடுத்த வருசத்துச் சுத்துலதான்.

ஒரு ஊட்டுல பொஞ்சாதிகிட்டக் கேட்டா புருசன் பதில் சொல்றாரு. பம்புசெட்டுக்குக் கரண்டு வந்த வருசத்தை வெச்சு அவ வயசைக் கணக்குப் போட்டாரு. கட்டி இருக்கான்னு கேட்டதுக்கும் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாரு. உள்ள இருந்து அந்தம்மா நெதானமாச் சொன்னாங்க: "நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, எனக்கு இருக்கறதை நானே சொல்லிக்கறனுங்க."

எது குடும்பம்

நாலாவது கேள்விக்கு ஒருத்தி ஆமான்னுட்டா. டாக்டரம்மா யாருக்குன்னு விசாரிச்சா, புருசனோட சின்னாத்தாவுக்காம். புருசன் வழியில இருக்கற நோவு இவளுக்கு எப்படி வரும்? டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, தரையில புதைஞ்சரலாமான்னு இருந்துச்சு. கட்டிக் கொடுத்துட்டா பொறந்த ஊட்டைக் கணக்குல சேர்க்கறதில்லை நம்ம பொண்டுக. அந்தப் பக்கத்துலயே பொறந்த எனக்கே அது தோணலை. அத்தனை கார்டும் தப்பு. முதல்ல இருந்து கேளுன்னுட்டாங்க.

சரின்னு பொறந்த ஊட்டைக் கேட்டுக்கிட்டே போனா, தாய்மாமனைக் கட்டின ஒருத்தி என்னையே மடக்கினா: "அங்க அம்மாளைப் பெத்த அம்மாயி, இங்க மாமியா, ரெண்டும் ஒரே ஆளுங்க. எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

செல்லம்மா

செல்லம்மாக்கா கார்டுல 'யாருக்கும் இல்லை'ன்னு என் கையெழுத்து. திரும்பப் போறப்ப மஞ்சள் வேக வெச்சுக்கிட்டிருந்தாங்க. பொறந்த ஊட்டுல அம்மாளும் அக்காளும் அந்த நோவுலதான் போனாங்கன்னு, அடுப்புல வெறகைத் தள்ளிக்கிட்டே சொன்னாங்க. உள்ள கூட்டிப்போயித் தொட்டுப் பார்த்தா, இடது பக்கம் மொச்சைக்கொட்டையாட்டம் ஒரு கட்டி. வலிக்கலையாம், அதனால யாருகிட்டயும் சொல்லலையாம்.

சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா மாட்டேன்னுட்டாங்க. மகளை அப்பத்தான் பொண்ணு பார்த்துட்டுப் போயிருந்தாங்க. தாய்வழியில இப்படின்னு தெரிஞ்சா சம்பந்தம் நின்னுரும்னு பயம். அவங்க ஊட்டுக்காரர்கிட்ட மட்டும் நெசத்தைச் சொன்னேன், அவருதான் பேசி ஒத்துக்க வெச்சாரு. ஊருக்கு, சேலத்துக்குப் பக்கத்துல இளம்பிள்ளையில கல்யாணச் சேலை எடுக்கப் போறோம்னு சொல்லியாச்சு. பொய்யாகக் கூடாதுன்னு நெசமாவே ஒரு சேலையும் எடுத்துட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேசன் முடிஞ்சு, அடுத்த சுத்து வரைக்கும் விட்டிருந்தா கை மீறியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் கையெழுத்தை நெனைச்சு வராந்தாவுல நின்னு அழுதேன். கட்டுப் போட்டுக்கிட்டு வந்ததுக்கு, பஸ்ஸுல இருந்து விழுந்துட்டாங்கன்னு ஊருக்கு ரெண்டாவது பொய்யும் நானே சொன்னேன்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. அடுத்த வருசம் மக வாழ்க்கைப்பட்ட ஊட்டுக்குக் கார்டோட போனேன். செல்லம்மாக்கா அங்க விருந்தாடி வந்திருந்தாங்க. நாலாவது கேள்விக்கு மக வாயைத் தெறக்கறதுக்குள்ள, சம்பந்தியம்மா இருக்கறப்பவே செல்லம்மாக்கா சொல்லிட்டாங்க: "ஆமான்னு எழுதுங்க சாமி. எங்கம்மாளுக்கு, எங்கக்காளுக்கு, எனக்கு."

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்தாங்க. "எனக்கும் ஒரு கார்டு போடுங்க. எங்கம்மாளும் அதுலதான் செத்தாங்க. எம்பையன் கல்யாணம் முடியட்டும்னுதான் நானும் சொல்லாம இருந்தேன்."

மூணு கேள்விக்கு வாசல்லயே பதில் வந்துரும், நாலாவதுக்கு மட்டும் ஊட்டுல இருக்கற கல்யாணமெல்லாம் முடிஞ்சாகோணும்ங்கறதுதான் இந்த உத்தியோகத்துல நான் கத்துக்கிட்ட ஒரே பாடம்.