டம்ளர்க் கப்பல்கள்

எங்கள் அபிராமபுரம் குடியிருப்பின் மாடி ஹாலில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் உலகப் பாதுகாப்பு பற்றிக் கூட்டம் நடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். ஆனாலும் வாய்ப்பந்தல் போடுவதில் எங்களை அடித்துக்கொள்ள அடையாறு வரைக்கும் ஆள் கிடையாது. நான்தான் செயலாளர்.

அன்றைய தலைப்பு, செங்கடலில் கப்பல்களுக்குப் பாதுகாப்பு. பேசியவர் டெல்லியில் பாதுகாப்புத் துறைக் கோப்புகளைப் பல வருடம் நகர்த்திவிட்டு ஓய்வு பெற்றவர். கடலை மெரினாவிலிருந்து பார்த்திருப்பார். டேபிள் டென்னிஸ் மேஜையில் வரைபடத்தை விரித்து, காபி டம்ளர்களைப் போர்க்கப்பல்களாக நிறுத்தினார். ட்ரோன்களுக்கு முறுக்கு. சரக்குக் கப்பல்கள் சில போகத்தான் போகும், அது ஏற்கத்தக்க இழப்பு என்று சொல்லி, முறுக்கு ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். முன்வரிசை தலையாட்டியது. நானும் சேர்ந்து ஆட்டினேன். வெட்கக்கேடு.

எங்கள் கூட்டத்தில் யாரும் எழுந்து கேள்வி கேட்கக் கூடாது. முன்பொரு தடவை எல்லைத் தகராறு பற்றிப் பேசப்போய் இரண்டு பெரியவர்கள் கைகலப்பு வரை போய்விட்டார்கள். அதிலிருந்து கேள்வியைச் சீட்டில் எழுதித் தட்டில் போட வேண்டும். எதைப் படிப்பது என்று நான் முடிவு செய்வேன். கேட்டவருக்குப் பதில் முன்பே தெரிந்திருக்கும் கேள்விகளாகப் பார்த்து எடுப்பேன். அவைதான் நீளமாக இருக்கும்.

அன்று கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு சீட்டு இருந்தது. 'அந்தக் கடலில் என் மகன் போகலாமா, வேண்டாமா?' அவ்வளவுதான். சொந்த விஷயம் என்று அடியில் தள்ளிவிட்டு, வல்லரசுகளின் சமநிலை பற்றிய சீட்டைப் படித்தேன். அதற்கே நேரம் போய்விட்டது. பொன்னாடை போர்த்தினோம்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் வந்தார். எங்கள் குடியிருப்பைப் பெருக்குகிறவர். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டவர். இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"என் சீட்டு வந்துச்சா சார்? பொண்ணு எழுதிக் குடுத்துச்சு. பையன் சரக்குக் கப்பல்ல சமையக்காரனா கீறான். அந்தக் கடலுக்குள்ள போவுதாம் கப்பல். இஷ்டமில்லாதவன் இறங்கிக்கலாம், சாயங்காலத்துக்குள்ள சொல்லுன்றாங்களாம்."

இத்தனை வருடத்தில் எங்கள் தட்டில் விழுந்த ஒரே நிஜமான கேள்வி அது. சீட்டை எடுத்துக்கொண்டு பேச்சாளரிடம் ஓடினேன். கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

"நாம பேசிண்டிருந்தது ஸ்ட்ராட்டஜி. இது தனி மனுஷா சமாசாரம். இதுக்கெல்லாம் நான் எப்படிப் பதில் சொல்றது?" என்றார். பிறகு காலி டம்ளரை அந்த அம்மாளிடமே நீட்டி, சர்க்கரை கம்மியாக இன்னொரு காபி கேட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது காபி வேறு கேட்டது. எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை; அடுத்த மாதத்துக்கும் அவரைத்தான் அழைத்திருந்தேன்.

அந்த அம்மாள் காபியை ஊற்றிக் கொடுத்தார். வரைபடத்தின் மேலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக வாளியில் போட்டார்.

"சரக்குக் கப்பல் எதுன்னு காலைலேர்ந்து பாத்துக்கினே இருந்தேன் சார். ஒண்ணுகூட வெக்கலியே அவரு."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டு ஓரமாகப் போய் மகனுக்குப் போன் போட்டார்.

"இறங்கிடு நைனா. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரில."

அன்றைய கூட்டக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். கடைசி வரி ஒவ்வொரு மாதமும் ஒன்றுதான்: உறுப்பினர்களின் கேள்விகள் அனைத்துக்கும் விடையளிக்கப்பட்டது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் உறுப்பினர் இல்லையே.