ஞாயிற்றுக்கிழமை நுரை

இன்று சவர சோப்பு டப்பாவைத் திறந்ததும் எழுந்த வாசனையில், என்றோ இடித்துத் தள்ளிய எங்கள் அடையாறு ஆற்றங்கரைக் குடிசை வாசல் கண்முன் வந்தது. ஞாயிறுதோறும் பூவரசமரத்து ஆணியில் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத, மீன்பாடி வண்டி ஓட்டும் என் தாத்தா பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, புருவம் காதெல்லாம் நுரை பூசி நான் ரேசரை இழுப்பேன்.

"ஆடாத தாத்தா, ரத்தம் வந்துடும்."

"ஆடல நைனா."

முடிந்ததும் கன்னத்தைத் தடவி, "இன்னாமா வழவழன்னு கீது பாரு!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். அந்த ரேசரில் பிளேடே இல்லை என்பதும், நான் எழுந்திருக்கும் முன்பே அவர் சவரத்தை முடித்திருப்பார் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் உறைத்தது.

இன்று பேத்தி வருகிறாள். விடிந்ததுமே சவரம் செய்துவிட்டு, பிளேடைக் கழற்றி வைத்திருக்கிறேன்.