கழுவாத கால்

பெரிய வியாழனன்று எங்கள் கோயிலில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். கல்முனைக் கடற்கரையில் அந்தப் பன்னிரண்டு பேரும் கழுவவே தேவையில்லாத கால்களோடுதான் வருவார்கள். வீட்டிலேயே வாசனைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, மணல் ஒட்டாமல் நடந்து வருவார்கள். சுவாமியார் பேருக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைப்பார். முதல் கதிரை கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்கு. அவருடைய வலையை இழுக்கிறவர்களுக்கு, என் அப்பாவுக்கும்தான், கோயிலின் கடைசியில் வெறுந்தரை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் இளம் சுவாமியார் புதிதாக வந்தார். "ஏழைக்குக் கொடுப்பது தர்மமல்ல, அவனிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான்" என்று தவக்காலம் முழுவதும் பிரசங்கம் வைத்தார். எல்லோரும் பக்தியாகத் தலையாட்டினார்கள். பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை. அவரோ சொன்னதோடு நிற்கவில்லை. முதல் கதிரையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்.

பெரிய வியாழனன்று அப்பா வலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். காலெல்லாம் மணலும் செதிலும். அம்மா வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இஞ்சாருங்க, காலக் கழுவிட்டுப் போங்களன்."

"கழுவத்தானே கூப்பிட்டவர்? கழுவின காலுக்குச் சுவாமி என்னத்துக்கு?"

கோயிலில் அப்பா கதிரையில் உட்கார்ந்ததும் அடுத்த கதிரையிலிருந்த சம்மாட்டியார் எழுந்தார்.

"இவன் இரிந்தா நான் இரிக்கமாட்டன் சுவாமி."

சனம் முழுவதும் அப்பாவைப் பார்த்தது. சம்மாட்டியார் தூரத்தில் வந்தாலே எழுந்து நிற்கும் மனிதர் அவர். அன்று அசையவில்லை. "தண்ணிய ஊத்துங்க சுவாமி" என்றார். சம்மாட்டியார் வெளியே போனார். சுவாமியார் முழந்தாளில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சேறாகி, மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிட அழகான பூசையை நான் இன்றுவரை கண்டதில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து வலை இறங்கிய நாளில் சம்மாட்டியாரின் ஆள் வாசலில் வந்து நின்று கதைத்தான். "ஓம், போய்ச் சொல்லு, மன்னிப்புக் கேக்க நான் வரமாட்டன்" என்று அப்பா அவனை அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. பகலெல்லாம் எங்களுக்குப் பட்டம் கட்டித் தந்தார். அம்மா விடியுமுன் எழும்பி, பட்டினத்து முஸ்லிம் காக்காமாரின் தேநீர்க்கடைகளுக்கு இடியப்பம் அவித்தார். அவருடைய காதில் தோடு இல்லை. சாப்பாட்டு வேளையில் தனக்குப் பசியில்லை என்பார்.

அப்பா வீட்டிலிருப்பது கால் கழுவியதற்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்றே நான் நம்பினேன். இனி மாதாமாதம் அவருடைய காலைக் கழுவ வேண்டுமென்று மாதாவிடம் மன்றாடினேன்.